குடலுக்குள் கிருமியைக் கண்டவர்: போலியோ சொட்டு மருந்து தந்த ஆல்பர்ட் சேபின்

ஐம்பதை ஒட்டிய வயதிலுள்ள மலேசியத் தமிழர்கள் பலர், கைக்குழந்தையாக அம்மாவின் மடியில் மல்லாந்து கிடந்து சில சொட்டு மருந்தை விழுங்கியவர்கள்தான். ஊசி இல்லை, வலி இல்லை. நாக்கில் விழுந்தது, உள்ளே போனது, அவ்வளவுதான். அதற்கு முந்திய தலைமுறையில் சூம்பிய காலோடும் இரும்புப் பட்டை கட்டிய காலணியோடும் நடந்தவர்களைத் தோட்டத்திலோ பட்டணத்திலோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொட்டின் அருமை தெரியும்.

அந்த மருந்தைத் தந்தவர் ஆல்பர்ட் சேபின். அவருடைய பெயரைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு. ஆனால், மருந்துக்கு முன்பே அவர் கண்டறிந்த ஓர் உண்மை அதிகம் பேசப்படுவதில்லை. கை கால்களை முடக்கும் போலியோ, உண்மையில் குடலில் குடியிருக்கும் கிருமி என்பதே அது. இன்று கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு தாஸ்காவில் கை, கால், வாய் நோய் வந்துவிட்டால், பிள்ளைகளின் கையையும் பொம்மைகளையும் கழிப்பறையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்கிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமிகள். அந்தக் குடும்பத்துக்கு என்டெரோவைரஸ், அதாவது குடல் வைரஸ் என்று பெயர்.

சேபின் பிறந்தது 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள், பியாலிஸ்டோக் என்ற ஊரில். இன்று போலந்தில் இருக்கும் அவ்வூர் அன்று ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. அவர் பிறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அங்கே யூதர்கள் மீது பெரும் கலவரம் ஏவப்பட்டுப் பலர் கொல்லப்பட்டிருந்தனர். சேபினின் குடும்பமும் யூதக் குடும்பம்தான். பட்டு நெசவே பிழைப்பு. 1921இல் அந்தக் குடும்பம் கப்பலேறி, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் நகரில் குடியேறியது. அதுவும் பட்டு ஆலைகளின் ஊர். தெரிந்த தொழில் இருக்கும் இடம் தேடிக் குடும்பத்தோடு கடல் கடந்த கதை நம்மவர்களுக்குப் புதிதல்ல.

வந்து இறங்கியபோது அந்தப் பதினைந்து வயதுப் பையனுக்கு ஆங்கிலம் தெரியாது. உறவுப் பிள்ளைகளிடம் சில வாரங்கள் கற்றுக்கொண்டு பள்ளியில் சேர்ந்தான். படிப்பில் சுடர்விட்டான். பல் மருத்துவரான ஒரு மாமா, பல் மருத்துவம் படிப்பதானால் செலவைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு தொடங்கியது. இடையில், கிருமிகளைத் தேடிப் போன விஞ்ஞானிகளைப் பற்றி பால் டி குரூஃப் எழுதிய நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு பற்களில் மனம் ஒட்டவில்லை. மருத்துவத்துக்கு மாறினார். மாமாவின் பண உதவி நின்றது. கிடைத்த வேலைகளைச் செய்தும் உதவித்தொகை பெற்றும் படித்து முடித்தார். 1930இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது ஆல்பர்ட் புரூஸ் சேபின் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார்.

1931இல் அவர் டாக்டராக வெளியே வந்த கோடையில் நியூயார்க் நகரைப் போலியோ உலுக்கியது. அவருடைய பேராசிரியர் வில்லியம் பார்க், அந்த நோயை ஆராயச் சொன்னார். அங்கே பிடித்த நூலை சேபின் அறுபது ஆண்டுகள் விடவில்லை.

இடையில் ஒரு துயரம். அவருடன் பணியாற்றிய இளம் மருத்துவர் வில்லியம் பிரெப்னரை 1932இல் ஆய்வுக்கூடக் குரங்கு ஒன்று கடித்தது. சில நாள்களில் கால்களில் தொடங்கிய வாதம் மேலே ஏறி, மூச்சை நிறுத்தியது. இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த திசுவில் சேபின் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தார். நண்பரின் பெயரின் முதலெழுத்தால் அது இன்றும் பி வைரஸ் எனப்படுகிறது. குடலில் பெருகும் கிருமி வகை அல்ல அது. ஆனாலும், ஒரு கிருமி உடலின் எந்த வழியாக நரம்புக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி அதன்பின் அவரை விடவே இல்லை.

அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த முதல் பதில் தவறானது. சேபினின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். கடக்கக் கூடாத இடம் இது.

1930களில் போலியோ கிருமி மூக்கின் வழியாகப் புகுந்து, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போகிறது என்பதே பெரிய ஆய்வாளர்களின் முடிவு. நரம்பில் தவிர வேறு எங்கும் அது வளராது என்றும் நம்பினார்கள். ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் சேர்ந்த சேபின், பீட்டர் ஒலிட்ஸ்கியுடன் இணைந்து 1936இல் ஒரு சோதனை செய்தார். மனிதக் கருவின் திசுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து வைரஸை வளர்க்கப் பார்த்தார்கள். நரம்புத் திசுவில் வளர்ந்தது. மற்றவற்றில் வளரவில்லை. பழைய நம்பிக்கை உறுதியாகிவிட்டது.

கோளாறு வைரஸில் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய வைரஸ், ஆய்வுக்கூடத்தில் குரங்கின் மூளையிலிருந்து குரங்கின் மூளைக்கு எனப் பல காலம் மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டது. நரம்புக்கே பழகிப்போய், குடலில் வாழும் இயல்பை அது இழந்திருந்தது. வீதியில் பிள்ளைகளைத் தாக்கிய கிருமி வேறு, குடுவையில் இருந்த கிருமி வேறு என்று சொல்லலாம்.

இந்தத் தவறு ஏட்டோடு நிற்கவில்லை. மூக்கை அடைத்தால் போலியோ வராது என்று எண்ணி, 1937இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசல் தெளிக்கப்பட்டது. நோய் தடைபடவில்லை. சில பிள்ளைகள் வாசனை அறியும் திறனை இழந்ததுதான் மிச்சம். நரம்பல்லாத திசுவிலும் போலியோ வைரஸை வளர்க்க முடியும் என்று ஜான் எண்டர்ஸ் குழுவினர் நிறுவ 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் 1954இல் நோபல் பரிசு பெற்றார்கள். சேபினுக்கு அது கடைசி வரை கிடைக்கவில்லை.

ஆனால் தம் முடிவைத் தாமே உடைத்தவரும் அவர்தான். 1939இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனைக்கு மாறிய சேபின், ராபர்ட் வார்டு என்ற மருத்துவருடன் சேர்ந்து, போலியோவால் இறந்தவர்களின் உடல்களைத் தலை முதல் குடல் வரை உறுப்பு உறுப்பாகச் சோதித்தார். ஒவ்வொன்றிலும் வைரஸ் இருக்கிறதா என்று தேடினார். 1941இல் முடிவு வந்தது. மூக்கின் உள்தோலில் வைரஸ் இல்லை. தொண்டையில் இருந்தது, குடல் நெடுகிலும் இருந்தது, முதுகுத்தண்டிலும் மூளையின் சில பகுதிகளிலும் இருந்தது.

படம் தெளிவாகிவிட்டது. கழுவாத கையோ கெட்ட தண்ணீரோ கிருமியை வாய்க்குக் கொண்டு வருகிறது. வயிற்று அமிலம் அதைக் கொல்லாது. குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, அடுத்தவர் வாய்க்குப் போகிறது. இப்படித் தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வந்ததே தெரியாது. சிலருக்குக் காய்ச்சல், வாந்தி வந்து போகும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு மட்டுமே கிருமி நரம்பு மண்டலத்துக்குள் நுழைந்து, தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் முதுகுத்தண்டு நரம்பணுக்களை அழிக்கிறது. அழிந்த அணு மீண்டும் முளைக்காது. கால் சூம்புவது அதனால்தான். மூச்சுத் தசைகளுக்கான அணுக்கள் போய்விட்டால் உயிரே போய்விடும்.

கிருமியின் பக்கமிருந்து பார்த்தால், நரம்புக்குள் போவதில் அதற்கு ஆதாயம் எதுவும் இல்லை. அங்கிருந்து அடுத்தவரைத் தொற்ற அதற்கு வழியும் இல்லை. முடக்கம் என்பது வழி தவறிய கிருமி செய்யும் விபத்து. குடலிலேயே அதை மறித்துவிட்டால் விபத்துக்கு இடமில்லை என்று சேபின் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கைச் செயலாக்கும் முன் உலகப் போர் குறுக்கிட்டது. ராணுவ மருத்துவராகப் போன சேபின், வீரர்களைப் படுக்கவைத்த காய்ச்சல்களை ஆராய்ந்தார். டிங்கிக் காய்ச்சலின் வைரஸைப் பிரித்தெடுத்து, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்று காட்டியவர் அவரே. ஒருமுறை டிங்கி வந்தவருக்கு இன்னொரு முறையும் வருவது ஏன் என்று கேட்கும் சிலாங்கூர்வாசிகளுக்கு விடை அந்தப் போர்க்கால ஆய்வில் இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் ஒரு தடுப்பூசி தயாரித்தார்.

போர் முடிந்து அவர் போலியோவுக்குத் திரும்பியபோது, ஜோனஸ் சால்க் முந்திக்கொண்டார். சால்க்கின் வழி, வைரஸைக் கொன்று ஊசியாகப் போடுவது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகி, கிருமி நரம்புக்குப் போகாமல் தடுக்கும். 1954இல் ஏறத்தாழ 18 லட்சம் பிள்ளைகள் பங்கேற்ற சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12ஆம் நாள் வெற்றி அறிவிக்கப்பட்டது. சால்க் ஒரே நாளில் உலக நாயகன் ஆனார். சில வாரங்களிலேயே, ஒரு நிறுவனம் தயாரித்த ஊசியில் சாகாத வைரஸ் கலந்திருந்தது தெரியவந்தது. 10 பேர் இறந்தனர். பலர் முடமாயினர்.

சேபினுக்கு சால்க்கின் முறையே பிடிக்கவில்லை. ஊசி, போட்டுக்கொண்ட பிள்ளையைக் காக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் குடலில் கிருமி தங்கி அடுத்த பிள்ளைக்குப் போவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது என்பது அவர் வாதம். வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸை வாய்வழி கொடுத்தால் அது குடலில் குடியேறும். பிறகு காட்டுக் கிருமி வந்தால் இடம் இருக்காது. வாதத்தில் நியாயம் இருந்தது. அதைச் சொன்ன விதத்தில் பொறாமையும் கலந்திருந்தது என்பதை அவரை மதித்தவர்களே மறைத்ததில்லை. இருவரும் சாகும்வரை சமாதானம் ஆகவில்லை.

வீரியம் குறைந்த வைரஸைத் தேடி சேபின் ஆயிரக்கணக்கான குரங்குகளில் சோதனை செய்தார். போலியோவில் மூன்று வகை உண்டு. இரண்டாம் வகைக்கு அவர் தேர்ந்தெடுத்தது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் எந்த நோயும் இல்லாத ஒரு பிள்ளையின் மலத்தில் கிடைத்த வைரஸ். மூன்று வகையும் கைக்கு வந்ததும் முதலில் தாம் குடித்தார். பிறகு மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும் கொடுத்தார். ஒஹையோ மாநிலத்தின் சில்லிகோத்தி சிறையில் இருந்த கைதிகள் 30 பேர் முன்வந்து மருந்தை ஏற்றார்கள். சிறையில் இருப்பவர் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வியை அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இன்றானால் அந்தச் சோதனைக்கு அனுமதியே கிடைத்திருக்காது. அவர்களில் யாரும் நோயுறவில்லை என்பது நல்ல காலம்.

அமெரிக்கப் பிள்ளைகளில் பலர் அதற்குள் சால்க் ஊசி போட்டுவிட்டதால், பெரிய சோதனைக்கு அங்கே இடமில்லை. சேபினுக்குக் கதவைத் திறந்தது, அமெரிக்கா எதிரியாகக் கருதிய சோவியத் ஒன்றியம். 1956இல் மிகைல் சுமாக்கோவ் உள்ளிட்ட சோவியத் விஞ்ஞானிகள் அமெரிக்கா வந்தார்கள். சேபினும் அங்கே போனார். தம் வைரஸ் வகைகளை விலையின்றி அனுப்பிவைத்தார். 1960 முடிவதற்குள் சோவியத் நாட்டில் 7 கோடிக்கும் அதிகமானோர் சேபினின் மருந்தை மிட்டாயாகவும் சொட்டாகவும் உண்டிருந்தனர். பனிப்போர் உச்சத்தில் இருந்த நாள்களில் இது நடந்தது.

அந்தப் பெருஞ்சோதனைக்கு முன்பே, சேபினின் மருந்து நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. 1958இல் சிங்கப்பூரில் முதலாம் வகை போலியோ பரவியது. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில்தான் இருந்தது. அதன் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஹேலும் அவருடைய குழுவினரும் துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார்கள். பரவியது முதலாம் வகை. அவர்கள் கொடுத்ததோ சேபினின் இரண்டாம் வகை. மூன்றில் அதுவே அப்போது மிகப் பாதுகாப்பானதாகக் கருதப்பட்டது. அது குடலில் போய் உட்கார்ந்துகொண்டால், முதலாம் வகை நுழைய இடம் கிடைக்காது என்ற எதிர்பார்ப்பு. ஏறத்தாழ 2 லட்சம் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. மருந்தால் தீங்கு இல்லை, நோயும் மருந்து உண்டவர்களிடம் குறைந்தது என்று 1959இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் குழு எழுதியது. அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களின் வரிசையில் துரைசிங்கம், கனகரத்தினம் என்ற பெயர்கள் இருக்கின்றன. உலகமே பின்னால் பயன்படுத்திய ஒரு மருந்தின் தொடக்க வரலாற்றில் நம் வட்டாரத் தமிழ்ப் பெயர்கள் இடம்பெற்றிருப்பது பள்ளிப் பாடங்களில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

சேபினின் சொந்த ஊருக்கு மருந்து அதற்குப் பிறகுதான் வந்தது. 1960 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. சின்சினாட்டியில் ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் வரிசையில் நின்று மருந்தைக் குடித்தார்கள். 1961, 1962ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு வகைக்கும் அமெரிக்க உரிமம் கிடைத்தது. சர்க்கரைக் கட்டியில் மருந்து விட்டுக் கொடுக்கும் ஞாயிறுகள் அமெரிக்கா முழுதும் நடந்தன. மலேசியாவில் சொட்டு மருந்து நாடு தழுவிய திட்டமாக ஆனது 1972இல். சேபின் தம் வைரஸ் வகைகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு வழங்கியதும் அதே ஆண்டில்தான். காப்புரிமை எடுத்திருந்தால் பெரும் செல்வந்தராகியிருப்பார். அவர் எடுக்கவில்லை. பேராசிரியர் சம்பளத்திலேயே வாழ்ந்தார்.

வீட்டு வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. முதல் மனைவி சில்வியா 1966இல் இறந்தார். இரண்டாம் திருமணம் முறிந்தது. 1972இல் பிரேசில் நாட்டவரான எலோய்சாவை மணந்தார். அந்த உறவு கடைசி வரை நிலைத்தது. அதே பிரேசில் 1980இல் ஒரே நாளில் நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொட்டு கொடுக்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது, ஆலோசகராகப் போன சேபின், அரசாங்கம் காட்டிய நோய்க்கணக்கு உண்மைக் கணக்கல்ல என்று பகிரங்கமாகச் சண்டை போட்டுவிட்டு வெளியேறினார். எண்ணிக்கையில் பொய் அவருக்குப் பொறுக்காது.

அப்படிப்பட்டவர் ஓர் எண்ணிக்கையை மட்டும் ஏற்க மறுத்தார். சேபினின் வைரஸ் உயிருள்ளது. குடலில் பெருகும்போது அது மெல்ல மாறலாம். மிக அரிதாக, இழந்த வீரியத்தை மீட்டுக்கொண்டு, மருந்து உண்ட பிள்ளையையோ அருகில் இருப்பவரையோ முடக்கிவிடலாம். முதல் தவணை பெறும் ஏறத்தாழ 27 லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி நேரலாம் என்பது பின்னாளைய மதிப்பீடு. 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்க அரசின் நிபுணர் குழு இந்த ஆபத்து உண்டென்று ஒப்புக்கொண்டது. சேபின் ஒப்பவில்லை. மருந்தின் பின்னே வந்த முடக்கத்துக்கு வேறு காரணம் இருக்கும் என்றே வாதாடினார்.

இதே மனிதர், புற்றுநோய்க்கு ஹெர்பிஸ் வைரஸ் காரணம் என்று 1973இல் அறிவித்துவிட்டு, மீண்டும் செய்து பார்த்தபோது முடிவு வரவில்லை என்று அடுத்த ஆண்டே அதைத் தாமாகத் திரும்பப் பெற்றவர். மூக்குக் கொள்கையையும் தாமே உடைத்தவர். தாம் பெற்ற பிள்ளையைப் போன்ற மருந்து என்று வந்தபோது மட்டும் அந்த நேர்மை தடுமாறியது. பல கோடிப் பிள்ளைகளைக் காத்த மருந்து என்பது உண்மை. அதனாலேயே முடங்கிய சில பிள்ளைகளின் பெற்றோருக்கு உண்மையைக் கேட்கும் உரிமை இருந்தது என்பதும் உண்மை.

போலியோ பின்வாங்கிய நாள்களில், அதே குடல் வைரஸ் குடும்பத்தின் வேறொரு கிளை தலைகாட்டியது. 1969இல் கலிபோர்னியாவில் மூளை அழற்சி கண்ட ஒரு குழந்தையிடம் கிடைத்த அந்தக் கிருமிக்கு என்டெரோவைரஸ் 71 என்று பெயர். 1975இல் பல்கேரியாவில் 705 பேருக்கு நோய் கண்டு 44 பேர் இறந்தபோது, முதலில் எல்லாரும் போலியோ என்றே நினைத்தார்கள். அது போலியோ அல்ல, 71 என்று அடையாளம் காட்டியதில் முக்கியப் பங்கு சேபினின் பழைய நண்பர் சுமாக்கோவுக்கு.

1983இல் சேபினையே முடக்கம் தேடி வந்தது. கிருமியால் அல்ல, கழுத்து முதுகெலும்பில் சுண்ணாம்புப் படிவு ஏறி நரம்பை அழுத்தியது. கைகால் செயலிழந்தது. தாங்க முடியாத வலி. எழுபத்தேழு வயதில், வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் பார்த்த நிலையில் தாமே படுத்துக் கிடந்தார். மெல்ல மீண்டு நடந்தார். வலியோடு வாழ்பவர்களின் துன்பத்தைக் குறைக்க மருத்துவம் போதிய அக்கறை காட்டவில்லை என்று அதற்குப் பிறகு போகுமிடமெல்லாம் பேசினார். 1993 மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டனில் இதயம் செயலிழந்து இறந்தார். ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து நான்கு ஆண்டுகளில், 1997இல், என்டெரோவைரஸ் 71 சரவாக்கில் கை, கால், வாய் நோயாகப் பரவி ஏறக்குறைய 30 பிள்ளைகளைக் கொண்டுபோனது. தீபகற்பத்திலும் மரணங்கள் நேர்ந்தன. கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில், அதாவது இன்றைய மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், இறந்த 4 பிள்ளைகளின் உடல்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சேபினும் வார்டும் 1941இல் கேட்ட அதே கேள்விதான்: கிருமி உடலில் எங்கே இருக்கிறது? மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டில் கடும் அழற்சி தெரிந்தது. வாயில் புண், உள்ளங்கையில் கொப்புளம் என்று தொடங்கிய பிள்ளை சில மணி நேரத்தில் சாய்ந்துவிடுவதன் காரணம் அதில் புலப்பட்டது.

கை, கால், வாய் நோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு வாரம், பத்து நாளில் தேறிவிடுவார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் காக்சாக்கி எனப்படும் சாதுவான உறவுக் கிருமிகள். ஆனால் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் இறங்காமல் இருந்தால், தூக்கத்தில் பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டுத் துள்ளினால், ஓயாமல் வாந்தி எடுத்தால், நடை தள்ளாடினால், கை கால் தளர்ந்தால், மந்தமாகக் கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிருமி நரம்பைத் தொட்டிருக்கலாம். தேறிய பிள்ளையின் மலத்தில் கிருமி வாரக்கணக்கில் வெளியேறும் என்பதால், பேம்பர்ஸ் மாற்றிய கையை சவர்க்காரத்தால் கழுவுவது முக்கியம். மதுசாரக் கைத்தூய்மி இவ்வகைக் கிருமியிடம் அவ்வளவாகச் செல்லாது. 71க்கு எதிரான தடுப்பூசியைச் சீனா 2015 இறுதியில் அனுமதித்தது. கொன்ற வைரஸால் செய்த ஊசி அது. சேபின் இருந்திருந்தால் சால்க்கின் வழி வென்றதைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்.

மலேசியா போலியோ இல்லாத நாடு என்று 2000இல் அறிவிக்கப்பட்டது. பிறகு வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சொட்டு போய் ஊசி வந்தது. 2019 டிசம்பர் 8ஆம் நாள், சபாவின் துவாரானில் 3 மாதக் குழந்தைக்குப் போலியோ கண்டிருப்பதாக சுகாதார அமைச்சு அறிவித்தது. 27 ஆண்டுகளில் முதல் முறை. சோதித்ததில் அது காட்டுக் கிருமி அல்ல என்று தெரிந்தது. சொட்டு மருந்தின் வைரஸ், தடுப்பூசி குறைவாகப் போட்ட சமூகங்களில் ஆளிலிருந்து ஆளுக்குப் பரவிப் பரவி வீரியம் பெற்றிருந்தது. பிலிப்பீன்ஸில் அப்போது சுற்றிவந்த கிருமியோடு அதற்குத் தொடர்பும் இருந்தது. சேபின் கடைசி வரை ஏற்காத உண்மை, அவர் இறந்து 26 ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டுக் குழந்தை ஒன்றின் உடலில் இருந்தது.

அந்தப் பரவலை நிறுத்த சுகாதார ஊழியர்கள் சபாவில் வீடு வீடாகவும் கம்பம் கம்பமாகவும் போனார்கள். பரவலை அறுக்க ஊசி மட்டும் போதாது, குடலையே காக்க வேண்டும் என்பதால், அவர்கள் பெட்டியில் எடுத்துச் சென்றது சேபினின் சொட்டு மருந்து. 2021 செப்டம்பரில் பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.